வெனிஸை நொறுக்கிய போப்பே ஒரு வருடத்துக்குள் வெனிஸை மன்னித்தது ஏன்?

மாலைவெயில் கேட்டது:

சில வாரங்களாக மறுமலர்ச்சிக் கால இத்தாலியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓவியம், சிற்பம் என்று உள்ளே வந்தவன், இப்போது போர்களிலும் உடன்படிக்கைகளிலும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு தாளில் ஐந்து வட்டம் போட்டேன்: மிலான், வெனிஸ், புளோரன்ஸ், போப்பின் அரசு, நேப்பிள்ஸ். நண்பர்களுக்கு நேர்கோடு, எதிரிகளுக்குப் புள்ளிக்கோடு. ஓர் அத்தியாயம் முடிவதற்குள் எந்த இரண்டு வட்டத்தை எடுத்தாலும் நடுவில் இரண்டு கோடுமே இருக்கிறது.

எனக்குப் புரியவே புரியாத இடம் இதுதான். 1508 டிசம்பரில் காம்ப்ரே என்ற ஊரில் வெனிஸுக்கு எதிராக ஒரு கூட்டணி உருவாகிறது. பிரான்ஸ் மன்னர் பன்னிரண்டாம் லூயி, புனித ரோமப் பேரரசர் மாக்சிமிலியன், ஸ்பெயினின் ஃபெர்டினாண்ட், போப் இரண்டாம் ஜூலியஸ் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். 1509 ஏப்ரலில் ஜூலியஸ் வெனிஸைச் சபைவிலக்கு செய்கிறார், அதாவது திருச்சபையிலிருந்தே ஒதுக்கிவைக்கிறார். மே 14 அன்று அன்யாதெல்லோவில் பிரெஞ்சுப் படை வெனிஸின் படையை உடைத்தெறிகிறது, நூறு வருடமாகச் சேர்த்த தரைப்பகுதி நகரங்கள் சில வாரங்களில் கைவிட்டுப் போகின்றன. சரி, இதுவரை புரிகிறது. ஆனால் 1510 பிப்ரவரியில் அதே போப் வெனிஸை மன்னிக்கிறார். 1511இல் அதே வெனிஸோடு சேர்ந்து, தன்னோடு நின்ற பிரான்ஸுக்கு எதிராகப் புனிதக் கூட்டணி என்று ஒன்றை அமைக்கிறார். அப்புறம் 1513இல் வெனிஸ் தன்னை அழித்த பிரான்ஸோடு போய்ச் சேர்கிறது!

இவர்களுக்கு ஒரு நிலையான கொள்கையே கிடையாதா, இல்லை நான் கவனிக்காத ஏதாவது ஒரு விதி இதற்குள் இருக்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

பழையவரைபடம் எழுதியது:

நல்ல கேள்வி. உங்கள் தாளில் இருப்பது எல்லாமே சரிதான், கோடுகளுக்குத் தேதி மட்டும் போடவில்லை. நானும் ஆரம்பத்தில் "யார் யாருக்கு நண்பன்" என்று கேட்டுத்தான் குழம்பினேன். "இந்த வருடம் எல்லோரும் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் தெளிந்தது.

ஜூலியஸுக்கு முன்னால் எண்பது வருடம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1420களில் எல்லோரையும் மிரட்டியது மிலான். அங்கே ஆண்டவர் ஃபிலிப்போ மரியா விஸ்கொந்தி. அவருக்கு எதிராக 1425இல் புளோரன்ஸும் வெனிஸும் கைகோத்தன. இரண்டுமே குடியரசு, இரண்டுமே வணிகர் கையில் இருந்த ஊர், இயல்பான கூட்டு என்று தோன்றும். 1433இல் வங்கிக் குடும்பத் தலைவர் கோசிமோ தெ மெடிச்சியைப் புளோரன்ஸ் நாடு கடத்தியபோது அவருக்கு இடம் கொடுத்து மரியாதையாக வைத்துக்கொண்டதும் வெனிஸ்தான்.

1447இல் விஸ்கொந்தி ஆண் வாரிசு இல்லாமல் செத்தார். அவருடைய மகள் பியாங்கா மரியாவைக் கட்டியிருந்தவர் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா, கூலிப்படைத் தலைவர். மாமனாருக்காகவும் போரிட்டவர், மாமனாரை எதிர்த்தும் போரிட்டவர். மிலான் மக்கள் குடியரசு அமைத்துப் பார்த்தார்கள், மூன்று வருடம்கூட நிற்கவில்லை. 1450இல் ஸ்ஃபோர்ஸா பட்டினி போட்டு ஊரைப் பிடித்தார். அவருக்குப் பணம் கொடுத்துத் தாங்கியவர் யார் தெரியுமா? வெனிஸ் அடைக்கலம் தந்த அதே கோசிமோ. அதற்குள் அவர் ஊர் திரும்பி புளோரன்ஸையே நடத்திக்கொண்டிருந்தார்.

நன்றிகெட்டதனம் என்று வெனிஸ்காரர்கள் கொதித்தார்கள், தங்கள் ஊரிலிருந்த புளோரன்ஸ் வணிகர்களை வெளியேற்றினார்கள். ஆனால் கோசிமோ கணக்குப் போட்டது வேறு விதமாக. இடையில் நடந்த போர்களில் பிரெஷியா, பெர்காமோ எல்லாம் வெனிஸ் கைக்குப் போயிருந்தன. மிலான் சிதறினால் அதைச் சுற்றியுள்ள லொம்பார்தி முழுக்க வெனிஸ் வசமாகும், அப்புறம் அதைத் தடுக்க ஆளே இருக்காது. பழைய எதிரி பலவீனமாகிவிட்டான், பழைய நண்பன் பெருத்துவிட்டான், ஆகவே பலவீனமானவனைத் தூக்கி நிறுத்த வேண்டும். நான் சொல்லும் விதி இதுதான். கோசிமோ அதைத் தன் ஊரில் பலருக்குப் பிடிக்காதபோதும் செய்தார், அதை நான் பெரிய துணிச்சல் என்றே நினைக்கிறேன்.

உடனே வெனிஸ் நேப்பிள்ஸின் அல்ஃபோன்சோவோடு சேர்ந்தது. இரண்டுக்கு இரண்டு என்று இழுபறி. 1453 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கையில் விழுந்தது. எல்லோருக்கும் கஜானாவும் காலி. 1454 ஏப்ரல் 9 அன்று லோடியில் மிலானும் வெனிஸும் சமாதானம் செய்துகொண்டன, ஆகஸ்டில் புளோரன்ஸையும் சேர்த்து 25 வருடத்துக்கான கூட்டணியானது, அடுத்த வருடம் நேப்பிள்ஸும் போப்பும் உள்ளே வந்தார்கள். இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம், பெரிய அரசு ஒவ்வொன்றும் தன்னை அண்டியிருக்கும் சின்னப் பிரபுக்களையும் ஊர்களையும் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்தது. எந்தச் சின்ன ஊர் யார் பட்டியலில் வருகிறது என்பதில்தான் பேரம் எல்லாம். பின்னால் வந்த சண்டைகளில் பலவும் இந்தச் சின்ன ஊர்களை வைத்தே மூண்டன.

இப்போது உங்கள் ஜூலியஸுக்கு வருகிறேன். 1508இல் இத்தாலியில் எல்லோரையும் பயமுறுத்திய உள்ளூர்ச் சக்தி வெனிஸ். ஒவ்வொருவரும் அதனிடம் ஏதோ ஒன்றை இழந்திருந்தார்கள். அந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருந்த செசாரே போர்ஜியா (போப் ஆறாம் அலெக்சாண்டரின் மகன்) விழுந்ததும் 1503இல் ரிமினி, ஃபயென்சா இரண்டையும் வெனிஸ் அள்ளிக்கொண்டது; ரவென்னா, செர்வியா ஏற்கெனவே அதனிடம். நான்கும் போப்பின் நிலம் என்பது ஜூலியஸின் வாதம். பிரான்ஸுக்கு கிரெமோனா, பிரெஷியா, பெர்காமோ வேண்டும். ஸ்பெயினுக்குத் தெற்கே அபூலியாவின் துறைமுகங்கள் வேண்டும். மாக்சிமிலியனோ அந்த வருடம்தான் வெனிஸிடம் தோற்று திரியெஸ்தேயைப் பறிகொடுத்திருந்தார், வெரோனாவும் பதுவாவும் தனக்கு என்றார்.

அன்யாதெல்லோவுக்குப் பிறகு ஜூலியஸுக்கு அவர் கேட்ட நான்கு ஊரும் வந்துவிட்டது. அவர் வெனிஸை அடக்க நினைத்தார், அழிக்க நினைக்கவில்லை. வெனிஸ் அழிந்தால் வட இத்தாலியில் மிஞ்சுவது மிலானில் உட்கார்ந்திருக்கும் பிரெஞ்சுப் படை மட்டும்தான். ஆகவே 1510இல் வெனிஸின் தூதர்களை ரோமில் மண்டியிட வைத்து மன்னித்தார், உடனே பிரான்ஸ் பக்கம் திரும்பினார். 1450இல் கோசிமோ போட்ட அதே கணக்கு. ஒரு வித்தியாசம், கோசிமோ காலத்தில் கணக்கில் இருந்த ஐந்துமே இத்தாலிய அரசுகள். ஜூலியஸ் காலத்தில் கணக்கில் இருந்த பெரிய எண்கள் ஆல்ப்ஸுக்கு அப்பாலும் கடலுக்கு அப்பாலும் இருந்து வந்தவை, ஒருவரை விரட்ட இன்னொருவரைக் கூப்பிட்டே ஆகவேண்டும்.

வெனிஸ் 1513இல் பிரான்ஸோடு சேர்ந்ததற்கும் காரணம் எளியது. 1512 கடைசியில் ஜூலியஸ் மாக்சிமிலியனோடு ஒப்பந்தம் செய்துகொண்டார், அதில் வெனிஸைக் கழற்றிவிட்டார். வெரோனாவைத் திரும்பப் பெற உதவக்கூடியவர்களாக மிஞ்சியது பிரெஞ்சுக்காரர்கள்தான். 1515இல் மரின்யானோ போரில் பிரெஞ்சுப் படைக்கு உதவியாக வந்து சேர்ந்த வெனிஸ் தளபதி பார்த்தொலொமேயோ தால்வியானோ. 1509இல் அன்யாதெல்லோவில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டுப் பிரான்ஸில் கைதியாக இருந்தவரும் அவரேதான்.

ஊர்க்குருவி எழுதியது:

பழையவரைபடம் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் போப்பையும் மற்ற நான்கோடு ஒரே தராசில் வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மிலானில் அப்பாவுக்குப் பின் மகன், நேப்பிள்ஸிலும் அப்படியே. போப்புக்கு மகன் பட்டத்துக்கு வர முடியாது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஆள்வார், அவர் செத்ததும் வேறொரு குடும்பம் வந்து உட்காரும். அதற்குள் தன் ஆட்களுக்கு ஒரு நிலத்தை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். இந்த அவசரம் பயக் கணக்குக்குள் அடங்காது.

நான்காம் சிக்ஸ்டஸைப் பாருங்கள். சகோதரி மகன் ஜிரொலாமோ ரியாரியோவுக்காக 1473இல் இமோலா என்ற ஊரை வாங்கப் பார்த்தார். புளோரன்ஸின் வாசல் மாதிரி இருக்கும் ஊர் அது, அப்போது புளோரன்ஸை நடத்திய லொரென்ஸோ தெ மெடிச்சிக்கே (கோசிமோவின் பேரன்) அதன் மேல் கண். மெடிச்சி வங்கியில் கடன் கேட்டார், லொரென்ஸோ இழுத்தடித்தார். போட்டி வங்கிக்காரர்களான பாஸ்ஸி குடும்பம் பணம் கொடுத்தது. போப்பின் கணக்கு வழக்கும் மெடிச்சியிடமிருந்து பாஸ்ஸிக்கு மாறியது. கடைசியில் எங்கே போய் நின்றது என்றால், 1478 ஏப்ரல் 26 ஞாயிற்றுக்கிழமை, புளோரன்ஸ் பேராலயத்தில் பூசை நடக்கும்போதே பாஸ்ஸிகளும் கூட்டாளிகளும் லொரென்ஸோவின் தம்பி ஜூலியானோவைக் குத்திக் கொன்றார்கள். லொரென்ஸோ கழுத்தில் காயத்தோடு தப்பினார். சதியில் இருந்த பீசாவின் பேராயரை அரண்மனை ஜன்னலில் தூக்கில் தொங்கவிட்டார்கள். பேராயரைக் கொன்றதற்காகப் போப் புளோரன்ஸுக்கு வழிபாட்டுத் தடை விதித்தார், நேப்பிள்ஸையும் சேர்த்துக்கொண்டு போர் தொடுத்தார்.

ஒரு மருமகனுக்கு ஒரு ஊர் வாங்கப் போய் இவ்வளவும். மற்ற நான்கு அரசுகளும் பயத்தால் நகர்ந்தன என்றால் போப்கள் பாதி நேரம் குடும்பத்துக்காக நகர்ந்தார்கள். மாலைவெயில் கேட்ட ஜூலியஸ் இந்த சிக்ஸ்டஸின் சகோதரன் மகன்தான், ஆனால் அவர் பிடித்த ஊர்களைத் தன் குடும்பத்துக்குக் கொடுக்காமல் திருச்சபைக்கே சேர்க்க நினைத்தார், அதில் மாமனைவிட மேல். தப்பாக எழுதிவிட்டேன், ஜூலியஸுக்கு சிக்ஸ்டஸ் மாமன் அல்ல, பெரியப்பா சித்தப்பா முறை.

பழையவரைபடம் எழுதியது:

ஊர்க்குருவி, இதை ஒப்புக்கொள்கிறேன், பாஸ்ஸி சதியைப் பயக் கணக்கில் அடைக்க முடியாது. ஆனால் அதே சிக்ஸ்டஸ் அடுத்து என்ன செய்தார் என்று பாருங்கள். 1482இல் உப்பு வணிகத்தையும் எல்லையையும் காரணம் காட்டி வெனிஸ் பக்கத்துச் சிற்றரசான ஃபெராராவைத் தாக்கியது. ஃபெராராவில் தனக்கும் ஏதாவது கிடைக்கும் என்று ரியாரியோவுக்கு ஆசை, ஆகவே போப் வெனிஸ் பக்கம். எதிரே நேப்பிள்ஸ், மிலான், புளோரன்ஸ். ஆகஸ்டில் காம்போமோர்தோவில் போப்பின் பக்கத்துக்கே வெற்றி. வென்ற கையோடு, அதே டிசம்பரில், சிக்ஸ்டஸ் கட்சி மாறிவிட்டார்! ஃபெராரா விழுந்தால் வெனிஸ் தன் வாசலுக்கே வந்துவிடும் என்று உறைத்திருக்கிறது. நேற்றுவரை தோள் கொடுத்த வெனிஸைப் போரை நிறுத்தச் சொன்னார், கேட்கவில்லை என்றதும் 1483இல் அதற்கே வழிபாட்டுத் தடை போட்டார். ஆரம்பித்தது மருமகனுக்காக என்றாலும் முடித்தது பயத்தால்தான்.

அந்தப் போரில் இன்னொன்று எனக்கு மனசை விட்டுப் போகாதது. ஃபெராரா பக்கத்துத் தளபதி உர்பினோவின் ஃபெதெரிகோ தா மோன்தெஃபெல்த்ரோ. மூக்குத் தண்டு வெட்டுப்பட்ட பக்கவாட்டு முகம், சிவப்புத் தொப்பி, மாலைவெயில் அந்த ஓவியத்தைப் பார்த்திருப்பார். போப் பக்கத்துத் தளபதி ரிமினியின் ரொபெர்தோ மலாதெஸ்தா, ஃபெதெரிகோவின் சொந்த மருமகன், மகளைக் கட்டியவர். எதிரெதிர் அணியில் நின்ற மாமனாரும் மருமகனும் காய்ச்சல் கண்டு 1482 செப்டம்பர் 10 அன்று, ஒரே நாளில், ஒருவர் ஃபெராராவிலும் ஒருவர் ரோமிலும் செத்தார்கள். அந்தக் காலத்துக் கூட்டணிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வருவாள், எலிசபெத்தா. ஒரே நாளில் அப்பாவும் போய் கணவனும் போய்.

தறிமேடை எழுதியது:

எல்லோரும் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்று பேசுகிறீர்கள், மாறாமல் நின்று அடிபட்ட ஒரு ஊரும் இருக்கிறது. புளோரன்ஸ். 1494இலிருந்து 1512 வரை பிரான்ஸை விட்டு அசையவில்லை. காரணம் பீசா.

1406இல் பீசாவைப் புளோரன்ஸ் விழுங்கியது. கடலுக்குப் போக அதுதான் வழி. 1494 நவம்பர் 9 அன்று, பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் படையோடு தஸ்கனிக்குள் இருக்கும்போது, புளோரன்ஸ் மெடிச்சியை விரட்டிய அதே நாளில் பீசா புளோரன்ஸை விரட்டியது. ஒரே நாளில் இரண்டு ஊரும் சுதந்திரம் என்று கூவின, ஒன்றின் சுதந்திரத்தை மற்றது ஒப்புக்கொள்ளவில்லை. குடியரசின் நியாயம் பேசிய துறவி சவொனரோலாகூட பீசா விஷயத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, திரும்பக் கிடைக்கும் என்றே சொல்லிவந்தார்.

பீசாவை மீட்டுத் தருகிறோம் என்று பிரெஞ்சுக்காரர்கள் வாக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒரு வாக்குக்காக 1495இல் இத்தாலி முழுக்கப் பிரான்ஸுக்கு எதிராகத் திரண்டபோதும் புளோரன்ஸ் சேரவில்லை. பீசாவுக்கு வெனிஸ் உதவியது, மிலான் உதவியது, மாக்சிமிலியன்கூட வந்து லிவொர்னோவை முற்றுகையிட்டுப் பார்த்தார். 1499இல் புளோரன்ஸின் தளபதி பவொலோ விதெல்லி மதிலை உடைத்தும் உள்ளே போகாமல் பின்வாங்கினார், துரோகம் என்று சந்தேகப்பட்டுத் தலையை வெட்டினார்கள். 1504இல் ஆர்னோ ஆற்றையே திருப்பிவிட்டு பீசாவைக் காயப்போடப் பார்த்தார்கள், அந்த யோசனையில் லியொனார்தோ தா வின்சியும் இருந்தார். மழை வந்தது, கரை சரிந்தது, கைவிட்டார்கள். கடைசியில் 1509 ஜூனில் பட்டினியால்தான் பீசா பணிந்தது, அதுவும் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் "தலையிடாதீர்கள்" என்று பெரும் பணம் அழுத பிறகு.

பதினைந்து வருடம்! அதற்குள் உலகமே மாறிவிட்டது. 1512இல் பிரெஞ்சுக்காரர்கள் இத்தாலியை விட்டு ஓடியதும் புளோரன்ஸுக்குத் துணை என்று ஒருவரும் இல்லை. ஸ்பானியப் படை பக்கத்து ஊர் பிராத்தோவைச் சூறையாடியது, பயந்துபோன புளோரன்ஸ் கதவைத் திறந்தது, மெடிச்சி திரும்ப வந்தார்கள். ஆகவே பயக் கணக்கு எப்போதும் வேலை செய்யும் என்று சொல்லாதீர்கள். பக்கத்து ஊரின் மேல் இருக்கும் ஆத்திரம் அதைவிடப் பலமானது, அதற்காக ஒரு ஊர் தன் சுதந்திரத்தையே தொலைக்கும்.

மாலைவெயில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தாளைக் கிழித்துவிட்டு, வருடத்துக்கு ஒரு தாளாகப் போட ஆரம்பித்திருக்கிறேன், 1450, 1482, 1494, 1509 என்று. 1494 தாளில் மறுபடி சிக்கல். மிலானின் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவே எட்டாம் சார்லஸை நேப்பிள்ஸ் மீது படையெடுக்க வரச் சொல்லி ஊக்கப்படுத்தினார் என்கிறார்கள், அடுத்த வருடமே சார்லஸுக்கு எதிரான கூட்டணியிலும் அவர் இருக்கிறார். வீட்டுக்குள் நெருப்பைக் கூப்பிட்டுவிட்டு அணைக்க ஓடிய மாதிரி. அவ்வளவு கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர் எப்படி இதைச் செய்தார்?

நீலத்தாழ்வாரம் எழுதியது:

லுடோவிகோவின் நிலைமையை அவர் இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். மிலானின் சட்டப்படியான பிரபு அவர் அல்ல. அண்ணன் 1476இல் தேவாலயத்தில் குத்திக் கொல்லப்பட்டார், அண்ணன் மகன் ஜான் கலெயாஸ்ஸோ சின்னப் பையன், அவன் பெயரில் சித்தப்பா ஆண்டார். பையன் வளர்ந்தான், கல்யாணமும் ஆயிற்று, ஆனால் சித்தப்பா இறங்கவில்லை. மருமகளாக வந்தவள் இசபெல்லா, நேப்பிள்ஸ் மன்னர் ஃபெரான்டேயின் பேத்தி. பிறகு 1491இல் லுடோவிகோ ஃபெராராவின் பெயாத்ரிசேயைக் கட்டினார். ஒரே அரண்மனைக் கூட்டத்தில் பட்டத்துக்குரிய பிரபுவின் மனைவி ஓரமாக நிற்க, சித்தப்பாவின் மனைவி ராணி மாதிரி நடந்தாள். இசபெல்லா தன் தகப்பனாருக்கும் தாத்தாவுக்கும் முறையிட்டாள். நேப்பிள்ஸ் படையெடுத்து வந்து தன்னை இறக்கிவிடும் என்ற பயம் லுடோவிகோவுக்கு உண்மையானது.

முன்பென்றால் இதைப் புளோரன்ஸ் பேசி ஆற்றியிருக்கும். லொரென்ஸோவுக்கு அந்தத் திறமை இருந்தது. 1479 டிசம்பரில், போப்போடும் நேப்பிள்ஸோடும் போரில் தோற்றுக்கொண்டிருந்தபோது, அவர் தானே கப்பலேறி எதிரியான ஃபெரான்டேயின் ஊருக்குப் போனார். அது எவ்வளவு ஆபத்து என்றால், அதற்குப் பதினான்கு வருடம் முன்னால்தான் ஜாக்கொபோ பிச்சினினோ என்ற தளபதியை விருந்தாளியாக வரவேற்று சிறையில் கொன்றார்கள் அங்கே. லொரென்ஸோ மாதக்கணக்கில் தங்கிப் பேசி சமாதானத்தோடு திரும்பினார். நேப்பிள்ஸ் இளவரசனின் மனைவி இப்போலிதா அவருக்கு உதவினாள், அவள் லுடோவிகோவின் சகோதரி. பகைவர் வீட்டில் கட்டிக்கொடுத்த பெண்கள்தான் அந்தக் காலத்தில் இரண்டு அரசுக்கு நடுவே திறந்திருந்த கதவு.

1492 ஏப்ரலில் லொரென்ஸோ செத்தார். மகன் பியெரோ நேப்பிள்ஸ் பக்கம் சாய்ந்தார். மிலானுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே நின்று பேச யாரும் இல்லை. அப்போதுதான் லுடோவிகோ, நேப்பிள்ஸ் மீது தனக்குப் பரம்பரை உரிமை உண்டு என்று கனவு கண்டுகொண்டிருந்த இருபதுகளின் தொடக்கத்து சார்லஸைத் தட்டிக்கொடுத்தார். பழைய வழக்கப்படி பார்த்தால் இது தப்பே இல்லை, இத்தாலிய அரசுகள் பிரெஞ்சுக்காரர்களைக் காட்டி ஒருவரையொருவர் மிரட்டுவது தலைமுறை தலைமுறையாக நடந்தது. மிரட்டல் மிரட்டலாகவே நிற்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

இந்தத் தடவை உண்மையாகவே வந்துவிட்டார்கள். சக்கரத்தில் ஓடும் வெண்கலப் பீரங்கிகளோடு. மாதக்கணக்கில் தாங்கும் என்று நினைத்த கோட்டைகள் மணிக்கணக்கில் விழுந்தன. 1495 பிப்ரவரியில் சார்லஸ் நேப்பிள்ஸுக்குள் நுழைந்தார். லுடோவிகோவின் தூக்கம் கெட்டது வேறொன்றால்: பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒர்லெயான் பிரபு லூயி மிலானுக்குப் பக்கத்திலேயே, ஆஸ்தியில், படையோடு இருந்தார். அவருடைய பாட்டி வலென்தீனா ஒரு விஸ்கொந்தி. ஸ்ஃபோர்ஸாவைவிட மிலான் மேல் தனக்கே உரிமை அதிகம் என்பார். நேப்பிள்ஸுக்கு என்று திறந்துவிட்ட கதவு தன் வீட்டுக்கும் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் மார்ச் 31 அன்று வெனிஸ் கூட்டணியில் சேர்ந்தார். போப், வெனிஸ், ஸ்பெயின், மாக்சிமிலியன் எல்லோரும் அதில். ஜூலையில் ஃபொர்நோவோவில் சண்டை நடந்தது, இரண்டு பக்கமும் வெற்றி என்று கொண்டாடின, சார்லஸ் ஊர் போய்ச் சேர்ந்தார்.

அந்த லூயிதான் 1498இல் பன்னிரண்டாம் லூயியாக முடிசூடினார். 1499இல் மிலானைப் பிடித்தார், அதற்குத் துணை போனது வெனிஸ், கூலி கிரெமோனா. பத்து வருடம் கழித்து காம்ப்ரேயில் லூயி திருப்பிக் கேட்டது அதே கிரெமோனாவைத்தான், உங்கள் 1509 தாளில் அதை எழுதிக்கொள்ளுங்கள். லுடோவிகோ 1500இல் பிடிபட்டு, பிரான்ஸில் லோஷ் கோட்டையில் கைதியாகச் செத்தார்.

ஓவியம் சிற்பம் வழியாக வந்தேன் என்றீர்களே, இதையும் சொல்கிறேன். லுடோவிகோவின் அப்பாவுக்குக் குதிரை மேல் அமர்ந்த மாபெரும் சிலை வைக்க லியொனார்தோ வருடக்கணக்கில் வேலை செய்தார், களிமண் மாதிரியும் முடிந்துவிட்டது. வார்க்க வைத்திருந்த வெண்கலத்தை 1494இல் லுடோவிகோ மாமனாரான ஃபெராராவின் எர்கொலேவுக்குப் பீரங்கி செய்ய அனுப்பிவிட்டார். களிமண் குதிரையைப் பிரெஞ்சு வில்லாளிகள் குறிபார்க்கப் பயன்படுத்தினார்கள். அந்த எர்கொலேயின் மகன் அல்ஃபோன்சோ, ஜூலியஸ் வெனிஸை மன்னித்த பிறகும் பிரான்ஸ் பக்கமே நின்றார். போலொன்யாவில் மைக்கேலாஞ்சலோ வார்த்த ஜூலியஸின் வெண்கலச் சிலையை 1511இல் மக்கள் இழுத்துத் தள்ளினார்கள், அந்த உலோகம் அல்ஃபோன்சோ கைக்கு வந்தது, அவர் அதை உருக்கிப் பீரங்கி செய்து அதற்கு லா ஜூலியா என்று பெயர் வைத்தார்.

பழையவரைபடம் எழுதியது:

வெண்கலக் கதைக்கு நன்றி, நீலத்தாழ்வாரம், இரண்டும் ஒரே குடும்பத்துக்குப் போனதை நான் சேர்த்துப் பார்த்ததில்லை. தறிமேடை சொன்னதையும் ஏற்கிறேன், பீசாவை வைத்துப் பார்த்தால் என் விதிக்கு ஒரு எல்லை உண்டு.

மாலைவெயில், இன்னும் இரண்டு தாள் போடுங்கள், 1527, 1529. புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் கை ஓங்கியதைப் பார்த்து, போப் ஏழாம் கிளமென்ட் 1526இல் பிரான்ஸ், வெனிஸ், புளோரன்ஸ், மிலானோடு கூட்டணி அமைத்தார். இவர் மெடிச்சி, பாஸ்ஸி சதியில் செத்த ஜூலியானோவின் மகன். 1527 மே 6 அன்று சம்பளம் கிடைக்காத பேரரசரின் படை ரோமுக்குள் புகுந்து சூறையாடியது. கிளமென்ட் சான்ட் ஆஞ்செலோ கோட்டைக்குள் அடைபட்டார். செய்தி கேட்டதும் புளோரன்ஸ் மறுபடி மெடிச்சியை விரட்டியது. கூட்டாளியான வெனிஸ் என்ன செய்தது? போப் கைதியாக இருக்கும்போதே ரவென்னாவையும் செர்வியாவையும் எடுத்துக்கொண்டது.

1529 ஜூனில் கிளமென்ட் தன்னைச் சிறைவைத்த பேரரசரோடு சமாதானம் செய்தார். அதற்கு விலை புளோரன்ஸ். ரோமைக் கொள்ளையடித்த அதே பேரரசரின் படைகளை வைத்துத் தான் பிறந்த ஊரைப் பத்து மாதம் முற்றுகையிட வைத்தார், 1530 ஆகஸ்டில் ஊர் விழுந்தது. முற்றுகை நடக்கும்போது வெனிஸ் போலொன்யாவில் பேரரசரோடும் போப்போடும் தனியாகச் சமாதானம் பேசி முடித்துக்கொண்டது. அதன்படி ரவென்னாவையும் செர்வியாவையும் போப்பிடம் திருப்பிக் கொடுத்தது, 1509இல் ஜூலியஸ் சபைவிலக்கு போட்டு வாங்கிய நான்கு ஊர்களில் இரண்டு.